முப்பத்தொன்பது இலக்கங்களை அச்சடித்துத் தந்த கடை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். வகுப்பறைச் சுவரில் மாட்டுவதற்காக, 2இன் 127ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண்ணைத் துணிப் பேனராக அச்சடிக்கச் சித்தூரில் உள்ள ஒரு கடையில் கொடுத்தேன். பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 1876இல் அது பகா எண் என்று நிறுவினார். கணினி இல்லாத காலத்தில் கைக்கணக்காகவே செய்த வேலை அது. அதன்பின் 1951 வரை, எழுபத்தைந்து ஆண்டுகள், அதைவிடப் பெரிய பகா எண் எதையும் எவரும் அறிந்திருக்கவில்லை.

170 141 183 460 469 231 731 687 303 715 884 105 727

எண்ணை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தேன். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர், ஆறாவது தொகுதியில் 231 என்பதை 281 என்று அடித்துவிட்டார். கண்ணால் பார்த்து நான் அதைக் கண்டுபிடிக்கவில்லை. புரூஃபைக் கையில் வாங்கியதும் இலக்கங்களைக் கூட்டினேன். 154 வர வேண்டிய இடத்தில் 159 வந்தது. 159 மூன்றால் வகுபடும். ஆகவே அச்சில் இருந்த எண்ணும் மூன்றால் வகுபடும். ஒரே ஓர் இலக்கம் மாறியதில், அத்தனை காலம் உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக நின்ற எண், ஆறாம் வகுப்புப் பிள்ளை பகுத்துவிடக்கூடிய எண்ணாகிவிட்டது. இதைக் காட்டியபோது கடைக்காரர் மறுத்துப் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு என்னோடு உட்கார்ந்து அவரும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். திருத்தத்துக்குத் தனியாகப் பணமும் கேட்கவில்லை.

இரண்டாம் புரூஃபில் கூட்டுத்தொகை சரியாக இருந்தது. ஆனாலும் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் கூட்டுத்தொகை அதைக் காட்டிக்கொடுக்காது என்பதால், வலக்கோடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகவும் கூட்டினோம்: ஒரு வரிசை 80, மற்றது 74, வித்தியாசம் 6. எண்ணை 11ஆல் வகுத்தால் வரும் மீதியை இந்த வித்தியாசம் காட்டும். இருக்க வேண்டியதும் அதுவே. 2இன் அடுக்குகளைப் 11ஆல் வகுத்தால் மீதிகள் பத்துக்கு ஒருமுறை திரும்ப வருவதால், 127ஆம் அடுக்கின் மீதியும் 7ஆம் அடுக்கான 128இன் மீதியும் ஒன்றே. அது 7, ஒன்றைக் கழித்தால் 6. அடுத்தடுத்த இரண்டு வெவ்வேறு இலக்கங்கள் இடம் மாறினால் இந்தச் சோதனைக்குத் தப்பவே முடியாது.

அச்சின் தரம் நன்று. மலையாள வேலையே மிகுதியாக வரும் கடைகளில் தமிழ் எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனியே சிதறி நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இங்கே ‘பகா எண்’ என்ற தலைப்பும், அதன் கீழே ‘அபாஜ்ய சங்க்ய’ என்று மலையாள எழுத்தில் கேட்ட வரியும் பிசகின்றி வந்துள்ளன. பின்வரிசைப் பிள்ளைக்கும் இலக்கங்கள் தெளிவாகத் தெரிகின்றன. துணியின் ஓரத்தை மட்டும் மடித்துத் தைக்காமல் விட்டதால் நூல் பிரிகிறது. அதை முன்கூட்டியே சொல்லி வாங்குவது நல்லது.

2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அது எந்தச் சுவரிலும் அடங்காது. அடுத்த பேனருக்கு, 1952இல் கணினி கண்டுபிடித்த, 2இன் 521ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவான 157 இலக்க எண்ணை அதே கடையில்தான் கொடுக்கப்போகிறேன். இம்முறை படமாக அல்ல, நகலெடுத்து ஒட்டக்கூடிய எழுத்துக் கோப்பாக.