கிரேடிலில் பொதி கட்டுதல்: டிபோல்ட்டை நம்பாதவருக்கு இதைவிட நல்ல கருவி இல்லை

யாழ்ப்பாணத்துச் சின்ன மென்பொருள் அணிகளில் வெளியீடு என்றால் பெரும்பாலும் இதுதான்: யாரோ ஒருவர் ஃபோல்டரை வலது கிளிக் செய்து ஜிப் ஆக்குவார், பெயரின் கடைசியில் "ஃபைனல்" என்று போடுவார், பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிடுவார். மூன்று மாதம் கழித்து அந்தப் பொதிக்குள் எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு இருந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. இவ்வளவுக்கும் அதே அணி ஜாவாவோ ஆண்ட்ராய்டோ எழுதுவதால், நிரலைக் கட்டித் தரும் கருவியான கிரேடில் கணினியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அதற்குள் இருக்கும் ஜிப், டார் என்ற பொதி கட்டும் டாஸ்க்குகளை, அதாவது வேலைகளை, திறந்து பார்ப்பவர்கள் குறைவு. பார்க்க வேண்டிய சாமான் அது. பொதிக்குள் என்ன போக வேண்டும் என்பதை ஒருமுறை எழுதி வைத்தால், யார் கட்டினாலும் அதே பொதி வரும். ஆனால் அதன் டிபோல்ட்கள், அதாவது நாங்கள் சொல்லாவிட்டால் அது தானே எடுக்கும் அமைப்புகள், சில எங்கள் தேவைக்குப் பொருந்தாது. அவற்றைத் தெரியாமல் கட்டினால், திறக்கிற இடத்தில்தான் பிழை தெரியும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கிளைகளுக்கு ஒரு பில்லிங் மென்பொருள் போகிறது. பொதிக்குள் ஒரு ஜார் (ஜாவா நிரல் கோப்பு), லைப்ரரி ஃபோல்டர், நிரலைத் தொடக்க விண்டோஸுக்கு ஒரு பேட் கோப்பு, லினக்ஸுக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், "பயனர் கையேடு" என்று தமிழிலேயே பெயரிட்ட பிடிஎஃப் இருக்கின்றன. கிளைகளில் ஒன்று நெடுந்தீவில். குறிகட்டுவானில் படகேறிப் போகிற பென்டிரைவில் பிழையான பொதி இருந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

தொடக்கம் லேசு. கட்டும் விதிகளை எழுதும் பில்ட் கோப்பில் முதலில் பேஸ் என்ற பிளகினை, அதாவது கூடுதல் வசதியை, சேர்க்க வேண்டும். ஜாவா பிளகின் இருந்தால் இதுவும் கூடவே வந்துவிடும். இது இல்லாமல் ஜிப் டாஸ்க் எழுதினால் கோப்பின் பெயரையும் போய்ச் சேரும் இடத்தையும் நீங்களே சொல்ல வேண்டும். இருந்தால் பொதி பில்ட் ஃபோல்டருக்குள் டிஸ்டிரிபியூஷன்ஸ் என்ற இடத்தில் விழும். பெயர் ஐந்து துண்டுகளால் ஆனது: அடிப்பெயர், இணைப்பு, பதிப்பு, வகைக்குறி, நீட்சி. முதல் நான்கும் நடுவில் சிறுகோட்டோடு சேரும், நீட்சிக்கு முன் புள்ளி வரும். "கடைபில்-2.3.1-விண்டோஸ்.ஜிப்" என்று வேண்டுமென்றால் அடிப்பெயர், பதிப்பு, வகைக்குறி மூன்றையும் கொடுத்தால் போதும். பழைய பாடங்களில் காணப்படும் ஆர்க்கைவ்நேம், பேஸ்நேம் போன்ற சொற்களைப் பிரதி பண்ணி ஒட்ட வேண்டாம். கிரேடிலின் 8ஆம் பதிப்போடு அவை போய்விட்டன. இப்போது ஆர்க்கைவ்ஃபைல்நேம், ஆர்க்கைவ்பேஸ்நேம் என்று முழுதாக எழுத வேண்டும்.

உள்ளடக்கத்தைச் சொல்வதற்கு ஃபிரம் (எங்கிருந்து எடுப்பது), இன்டு (எங்கே வைப்பது) என்ற இரண்டு சொற்களே போதும். ஜாரை எடுக்கும்போது அதன் பாதையை எழுதாமல் ஜார் டாஸ்க்கையே ஃபிரமுக்குள் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் ஜிப்புக்கு முன் ஜாரைக் கட்ட வேண்டும் என்று கிரேடில் தானே விளங்கிக்கொள்ளும். பாதையை எழுத்தாக எழுதினால் போன முறை கட்டிய பழைய ஜார் பொதிக்குள் போக வழியுண்டு. 7ஆம் பதிப்பு இதற்கு எச்சரித்தது. 8ஆம் பதிப்பு, சார்பு அறிவிக்கப்படவில்லை என்று சொல்லி வேலையையே நிறுத்துகிறது. கரைச்சலாகத் தெரிந்தாலும் நல்ல மாற்றம் அது.

இனி, தமிழில் பெயர் வைக்கிற எங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான இடம். ஜிப்புக்குள் கோப்புப் பெயர்கள் எந்த எழுத்துக்குறியாக்கத்தில் எழுதப்படுகின்றன என்பதை மெட்டாடேட்டா சார்செட் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. அதை நீங்கள் சொல்லாவிட்டால் கட்டுகிற கணினியின் டிபோல்ட் எதுவோ அதுவே எடுக்கப்படும். லினக்ஸில் அது யூடிஎஃப்-8, பிரச்சினை தெரியாது. விண்டோஸில் ஜாவா 17 அல்லது அதற்கு முந்தியது ஓடினால் வழக்கமாக அது விண்டோஸ்-1252 என்ற எழுத்துப் பட்டியல். அந்தப் பட்டியலில் ஒரு தமிழ் எழுத்தும் கிடையாது. ஆகவே பெயர் கேள்விக்குறிகளாக மாறும், அல்லது ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியோடு தொடங்கும் ஆறு எழுத்துக் கோவையாக மாறும். "அறிக்கை" என்ற சின்னச் சொல் யூனிகோடில் 7 குறிகள். பொதியை விரிக்கும்போது அது 42 எழுத்து நீளமான, ஒருவராலும் வாசிக்க முடியாத பெயராக நிற்கும். ஜாவா 18 தொடக்கம் டிபோல்ட்டே யூடிஎஃப்-8 ஆகிவிட்டது. அதனால்தான் ஒரே அணியில் ஒருவர் கட்டினால் சரியாகவும் மற்றவர் கட்டினால் பிழையாகவும் வருகிறது. காரணம் தெரியாவிட்டால் நாள்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

மருந்து ஒரே வரி: ஜிப் டாஸ்க்குக்குள் மெட்டாடேட்டா சார்செட்டை யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள். யாருடைய கணினி, எந்த ஜாவா என்ற கேள்வியே பிறகு வராது. இப்படிக் கட்டிய பொதியை விண்டோஸ் 10, 11 இரண்டின் எக்ஸ்புளோரரும் தமிழ்ப் பெயரோடு வடிவாகத் திறக்கும். பில்ட் கோப்பில் மற்ற எதை மறந்தாலும் இந்த வரியை மறக்க வேண்டாம்.

அடுத்த பொறி ஷெல் ஸ்கிரிப்டில். லினக்ஸில் ஒரு ஸ்கிரிப்ட் ஓட வேண்டுமென்றால் இயக்கும் அனுமதி பொதிக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும். விண்டோஸில் அப்படியொரு அனுமதியே கிடையாது, அங்கே கட்டினால் பதிய ஒன்றுமில்லை. லினக்ஸில் கட்டுகிறோம், கவலையில்லை என்று இருந்தவர்களுக்கும் 2025 இல் வந்த 9ஆம் பதிப்பு ஒரு மாற்றம் வைத்திருக்கிறது. அதில் கோப்பு முறைமையின் அனுமதிகளை டாஸ்க் பார்ப்பதில்லை. கோப்புகளுக்கு 644 (இயக்கும் அனுமதி இல்லாதது), ஃபோல்டர்களுக்கு 755 (அது உள்ளது) என்று நிலையாகப் போட்டுவிடும். 8 இல் ஓடிய பொதி 9 இல் கட்டியபின் "பெர்மிஷன் டினைட்" என்று நின்றால் காரணம் இதுதான். யூஸ் ஃபைல்சிஸ்டம் பெர்மிஷன்ஸ் என்று அழைத்துப் பழைய வழிக்குத் திரும்பலாம், ஆனால் அது விண்டோஸில் கட்டுபவருக்கு உதவாது. ஸ்கிரிப்டுகளை எடுக்கும் ஃபிரம் தொகுதிக்குள் ஃபைல் பெர்மிஷன்ஸ் என்று திறந்து, யூனிக்ஸ் என்பதற்கு மேற்கோள் குறிக்குள் 755 என்று கொடுப்பதே சரி. 8.3 தொடக்கம் இந்த வசதி உண்டு.

அதற்கு முந்திய பதிப்புகளில் ஃபைல்மோட் என்று இருந்தது. பில்ட் கோப்பு எழுதும் குரூவி மொழியில் முன்னால் பூச்சியம் வைத்து 0755 என்று எழுதினால்தான் எண்ம (எட்டை அடியாகக் கொண்ட) எண்ணாக எடுக்கும். பூச்சியத்தை விட்டு 755 என்று எழுதினால் அது பதின்ம எண், எண்மத்தில் 1363. அதன்படி உரிமையாளருக்கு எழுதவும் இயக்கவும் முடியும், வாசிக்க முடியாது. பிழைச் செய்தி எதுவும் வராமல் பொதி அழகாகக் கட்டப்பட்டுவிடும்.

அனுமதி சரியாகியும் ஸ்கிரிப்ட் ஓடவில்லை, "பேட் இன்டர்பிரிட்டர்" என்று வருகிறது என்றால் வரி முடிவைப் பாருங்கள். விண்டோஸில் சேமித்த கோப்பில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு கூடுதல் குறி இருக்கும். அதை லினக்ஸ், ஸ்கிரிப்டின் முதல் வரியில் குறித்த இயக்கியின் பெயரோடு சேர்த்து வாசித்துவிடும். ஆன்ட் என்ற பழைய கட்டும் கருவியிலிருந்து வரும் ஃபிக்ஸ்சிஆர்எல்எஃப் வடிகட்டியை ஃபில்டர் என்பதற்குள், வரி முடிவு எல்எஃப் என்று குறித்துக் கொடுத்தால் கட்டும்போதே சரியாகும். ஆனால் இதை முழுப் பொதிக்கும் போட்டுவிடக் கூடாது. வடிகட்டி எல்லாக் கோப்பையும் எழுத்துக் கோப்பாகவே நினைத்து வாசிக்கும். படம், பிடிஎஃப், ஜார் எல்லாம் சிதைந்து வெளியே வரும். ஃபைல்ஸ் மேட்சிங் என்று திறந்து, ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள். பதிப்பு எண்ணை நிரப்பப் பயன்படும் எக்ஸ்பாண்டுக்கும் இதே விதிதான். அதில் கூடுதலாக இன்னொரு சிக்கல், டாலர் குறி. ஷெல் ஸ்கிரிப்டில் டாலர் குறி நிறைய வரும், எக்ஸ்பாண்ட் ஒவ்வொன்றையும் தன் மாறி என்று எடுத்துக்கொண்டு தடக்கும்.

இந்த அனுமதி வேலைகளில் பாதியைத் தவிர்க்கவும் ஒரு வழியுண்டு. சாதாரண ஜாவா நிரலென்றால் அப்ளிகேஷன் பிளகினைச் சேர்த்து டிஸ்ட்ஜிப் டாஸ்க்கை ஓட்டுங்கள். தொடக்க ஸ்கிரிப்டுகளை அதுவே எழுதி, "பின்" என்ற பெயருள்ள ஃபோல்டருக்குள் இயக்கும் அனுமதியோடு வைக்கும், லைப்ரரிகளை லிப் ஃபோல்டருக்குள் வைக்கும். அங்கேயும் சார்செட் வரியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

முழுத் திட்ட ஃபோல்டரையும் பொதி கட்டுபவர்கள் பில்ட், புள்ளிகிரேடில் (பெயர் புள்ளியில் தொடங்குவது) ஆகிய இரண்டு ஃபோல்டர்களையும் எக்ஸ்க்ளூட் பண்ண மறக்கக் கூடாது. மறந்தால் போன முறை கட்டிய பொதி இந்த முறைப் பொதிக்குள் போகும், ஒவ்வொரு வெளியீட்டிலும் அளவு ஊதும். இதற்கு எதிர்மாறாக, நீங்கள் கேட்காமலே சிலவற்றைக் கிரேடில் விட்டுவிடும். புள்ளிகிட் ஃபோல்டர், கிட்இக்னோர் கோப்பு, மேக்கின் டிஎஸ்-ஸ்டோர் எல்லாம் ஆன்ட்டிலிருந்து வந்த டிபோல்ட் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. கிட்இக்னோரும் பொதிக்குள் வேண்டும் என்றால் பட்டியலை செட்டிங்ஸ் கோப்பில்தான் மாற்ற வேண்டும், பில்ட் கோப்பில் மாற்ற இயலாது.

ஒரே பெயரில் இரண்டு கோப்பு வந்தால் 7ஆம் பதிப்புத் தொடக்கம் கிரேடில் நிறுத்தி, என்ன செய்வது என்று கேட்கிறது. இங்கே அவசரப்பட்டு இன்க்ளூட் என்று எழுதிச் செய்தியை அடக்குபவர்கள் உண்டு. அப்படி எழுதினால் இரண்டும் பொதிக்குள் போகும், விரிக்கும் மென்பொருள் எதை மிச்சம் வைக்கும் என்பது அதன் விருப்பம். எக்ஸ்க்ளூட் என்றால் முதலில் வந்தது நிற்கும். எது முதலில் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஃபெயில் என்று வைத்து மூல காரணத்தைத் தேடுங்கள்.

கிரேடிலை நான் மனமாரப் பரிந்துரைப்பதற்குப் பெரிய காரணம் இது: அதே மூலத்தைக் கொடுத்தால் பைட்டுக்குப் பைட் அதே பொதியைத் தரக்கூடியது. நேரக்குறியைக் காப்பதை நிறுத்தி, கோப்பு ஒழுங்கை நிலையாக்கும் இரண்டு அமைப்புகள் இதற்கு வேண்டும். 9ஆம் பதிப்பில் இதுவே டிபோல்ட். பிறகு இரண்டு கணினிகளில் கட்டி, லினக்ஸில் ஷா256சம், விண்டோஸில் ஷா256 என்று குறித்துச் செர்ட்யூட்டில் கட்டளை கொண்டு ஒப்பிட்டால் ஒரே எண் வர வேண்டும். கிளையில் இருக்கும் பொதி நாங்கள் கொடுத்ததுதானா என்பதைத் தொலைபேசியில் அந்த எண்ணின் கடைசி எட்டு எழுத்தைக் கேட்டே அறியலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: பொதிக்குள் எல்லாக் கோப்பும் 1980 பெப்ரவரி 1 என்று தேதி காட்டும். ஜிப் வடிவத்தின் காலக்கணக்கு 1980 இல்தான் தொடங்குகிறது, அதனால் கிரேடில் அங்கே ஒரு நிலையான நாளை எடுத்துக்கொள்கிறது. சொல்லாவிட்டால் "பழைய பொதி அனுப்பிவிட்டீர்கள்" என்று அழைப்பு வரும்.

சுருக்கும் விடயத்தில் கிரேடில் சுமார்தான். ஜிப்பில் சுருக்கு அல்லது சுருக்காமல் வை என்ற இரண்டு தெரிவு மட்டுமே, சுருக்கும் அளவைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. டாரில் டிபோல்ட் சுருக்கமே கிடையாது, ஜிஜிப் அல்லது பிஜிப்2 என்று நீங்கள் எழுத வேண்டும், எக்ஸ்-இசட் சுருக்கம் இல்லை. ஆன்ட்டில் 0 முதல் 9 வரை அளவு தெரிவு செய்யலாம், எக்ஸ்-இசட்டும் உண்டு. ஆனாலும் ஸ்கேன் செய்த படங்களும் பிடிஎஃப்களும் ஏற்கெனவே சுருங்கியவை. அவற்றை எந்த அளவில் நெருக்கினாலும் பெரிதாகக் குறையாது, கட்டும் நேரம்தான் கூடும். 65,535 கோப்புக்கு மேல் போனாலோ 4 ஜிபியைத் தாண்டினாலோ ஜிப்64ஐ இயக்க வேண்டும். கிரேடிலில் அது டிபோல்ட்டாக அணைந்திருக்கிறது, பிழைச் செய்தி என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகவே சொல்லும்.

அப்படியென்றால் ஆன்ட்டே போதாதா? நிரல் எதுவும் இல்லை, ஃபோல்டரைப் பொதியாக்குவது மட்டும்தான் வேலை என்றால் போதும். கிரேடிலின் பதிவிறக்கம் 100 எம்பிக்கு மேல், ஆன்ட் அதோடு பார்க்க மிகச் சிறியது, டேட்டா பார்த்துப் பார்த்துப் பாவிக்கிறவருக்கு இது சின்ன விடயம் இல்லை. ஆனால் ஆன்ட்டின் ஜிப் டாஸ்க், மூலத்தில் புதிய கோப்பு இருக்கிறதா என்று நேரத்தை மட்டுமே பார்க்கும். ஒரு கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் மாற்றமில்லை என்று இருந்துவிடும், அழித்தது பழைய பொதிக்குள் அப்படியே கிடக்கும். கிரேடில் உள்ளடக்கத்தையே ஒப்பிடுவதால் உடனே திரும்பக் கட்டும். ஆன்ட்தான் என்று முடிவெடுத்தால் ஜிப்புக்கு முன் பழையதை டிலீட் பண்ணும் வரியையும், என்கோடிங் யூடிஎஃப்-8 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிரேடிலில் டேட்டா மிச்சம் பிடிக்க, கிரேடிலையே இறக்கித் தரும் ராப்பர் அமைப்பில், மூலமும் ஆவணமும் சேர்ந்த "ஆல்" பொதிக்குப் பதில் "பின்" பொதியைக் குறியுங்கள். லைப்ரரிகள் ஒருமுறை இறங்கியபின் ஆஃப்லைன் தெரிவோடு ஓட்டினால் இணையம் இல்லாமலே கட்டும்.

மின்னஞ்சலில் அனுப்புபவர்களுக்கு: ஜிமெயில் 25 எம்பிக்கு மேல் இணைப்பாக எடுக்காது, அதைவிடச் சின்னதானாலும் ஜிப்புக்குள் பேட், ஜார் கோப்புகள் இருந்தால் மறிக்கும். டிரைவ் இணைப்பாகவோ பென்டிரைவிலோ கொடுங்கள். கொடுக்க முன் லினக்ஸ் முனையத்தில் ஜிப்இன்ஃபோ கட்டளையைப் பொதியின் மேல் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அனுமதி, கடைசியில் பெயர் வரும். ஷெல் ஸ்கிரிப்ட் வரியில் மூன்று எக்ஸ் இருக்க வேண்டும், கையேட்டின் வரியில் தமிழ் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் பொதியை அனுப்ப வேண்டாம், பில்ட் கோப்பைத் திருத்தித் திரும்பக் கட்டுங்கள்.