கோகோடா நடைப்பயணத்துக்குக் கட்டிய 4,650 டாலர்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பிரிஸ்பேனுக்குத் திரும்பி வந்து நான்கு நாள்கள் ஆகின்றன. கோபம் இன்னும் தணியவில்லை. எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பப்புவா நியூ கினியின் கோகோடா தடத்தில் வழிகாட்டியுடன் குழுவாக எட்டு நாள் நடப்பதற்கு 4,650 ஆஸ்திரேலிய டாலர் கட்டினேன். 96 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில், நான் போய்ச் சேர்ந்தது அதன் நுழைவாயில் வரைக்கும்தான்.

நிறுவனத்தின் பெயரை இப்போது சொல்ல இயலாது. மனுக் கொடுக்கப் போகிறோம், அதுவரை பெயர் வேண்டாம் என்று சட்டம் தெரிந்த நண்பர் தடுத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவிலிருந்து இயங்குவது, போர்க்கால நடைபாதைகளுக்குச் சிறு குழுக்களை அழைத்துச் செல்வதாக விளம்பரம் செய்வது, பல நிறுவனங்களின் பயணங்களை ஒரே இடத்தில் விற்கும் ஒரு முன்பதிவுத் தளத்தின் வழியாக ஆள் பிடிப்பது என்ற அளவுக்குச் சொல்லலாம்.

கோகோடாவை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1942 ஜூலையில் கோனா, புனா கரையில் இறங்கிய ஜப்பானியப் படை, ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரைக் கடந்து இன்றைய தலைநகரான போர்ட் மோர்ஸ்பியைப் பிடிக்க வந்த ஒற்றையடிப் பாதை அது. அந்தப் படையைத் தொடக்கத்தில் எதிர்கொண்டவர்களில் ஆஸ்திரேலியாவின் 39ஆவது பட்டாலியனும் உண்டு. பயிற்சி போதாத இளைஞர்கள் என்பதால், போரின் சூட்டில் உருகிவிடும் சாக்லேட் சிப்பாய்கள் என்று அவர்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. அவர்கள் ஆகஸ்ட் இறுதியில் இசுராவாவில் நின்று போரிட்டார்கள். செப்டம்பரில் ஜப்பானியர் இயோரிபைவா முகடு வரை வந்துவிட்டார்கள். அங்கிருந்து திரும்பிப் போக நேர்ந்தது. நவம்பர் 2 அன்று கோகோடா மீண்டும் ஆஸ்திரேலியர் கைக்கு வந்தது.

இவ்வளவையும் எனக்கு அழகாக எடுத்துச் சொன்னவர் அந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர்தான் என்பதே வயிற்றெரிச்சல். பிப்ரவரியில் ஒரு மாலை காணொளி அழைப்பில் நாற்பது நிமிடம் பேசினார். அவருக்குப் பின்னால் சுவரில் தடத்தின் வரைபடம் தொங்கியது. எழுந்து போய் மெனாரி, எஃபோகி, டெம்பிள்டன் கடவை, அலோலா என்று விரலால் தொட்டுக்கொண்டே வந்தவர், இசுராவாவில் நிற்கும் நான்கு கருங்கல் தூண்களைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுக்க ஒரு கணம் நிறுத்தினார். அந்த ஒரு கணத்தில்தான் நான் விழுந்தேன். இறந்தவர்களை இவ்வளவு மதிப்பவர் இருப்பவனை ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். 1942ஐப் பற்றி இருபது கேள்விகள் கேட்ட நான், தடத்தில் நடக்க இந்த ஆண்டுக்கான அனுமதிச் சீட்டு யார் பெயரில் எடுக்கப்படுகிறது என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

மறுநாளே முன்பணம் கட்டினேன். மே மாதம் மீதியையும் செலுத்தி 4,650 டாலரை முழுமையாக்கினேன். அட்டையில் கட்டினால் ஒன்றரை விழுக்காடு கூடுதல் கட்டணம் என்றார்கள். கணக்குப் போட்டால் எழுபது டாலர். அந்த எழுபது டாலரை மிச்சப்படுத்துவதற்காக வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பினேன். பிறகு நான்கு மாதம், ஞாயிறுதோறும் பத்துக் கிலோ மூட்டையுடன் பிரிஸ்பேனின் கூட்-தா குன்றில் ஏறி இறங்கினேன். புதுக் காலணி, மலேரியா மாத்திரை, மருத்துவச் சான்று என எதிலும் நான் குறை வைக்கவில்லை.

போர்ட் மோர்ஸ்பியில் இறங்கிய அன்று மாலை, விடுதியின் முன்கூடத்துக்கு ஒருவர் எங்களைத் தேடி வந்தார். எஃபோகிப் பக்கத்து ஊர்க்காரர்; எங்களை நடத்திச் செல்ல வேண்டிய வழிகாட்டி அவர்தான். எட்டுப் பேரும் உற்சாகமாகக் கை குலுக்கினோம். அவர் உட்காராமலே, தமக்கு ஒரு கினாகூட (அந்நாட்டு நாணயம்) வந்து சேரவில்லை, எங்கள் எவர் பெயரிலும் அனுமதிச் சீட்டு எடுக்கப்படவில்லை, சுமைதூக்குபவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன், நீங்கள் இவ்வளவு தூரம் வந்த பிறகு நேரில் சொல்லாமல் இருப்பது முறையல்ல என்பதால் வந்தேன் என்றார். தம் கைப்பேசியை நீட்டினார். ஆறு வாரங்களில் பதினொரு முறை, சொல் மாறாமல் ஒரே பதில்: “கணக்குப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது, நாளை வந்துவிடும்.”

நாமே பணம் போட்டு நடந்துவிடலாமா என்று இரவு முழுக்கப் பேசினோம். நடக்கவில்லை. அனுமதி, உணவு, சுமைதூக்குபவர்கள், கோகோடாவிலிருந்து திரும்பும் சிறு விமானம் எல்லாவற்றையும் இரண்டு நாளில் புதிதாக ஏற்பாடு செய்ய முடியாது என்று வழிகாட்டியே சொல்லிவிட்டார். சீட்டு இல்லாமல் உள்ளே போவது தவறும்கூட. தடம் கொய்யாரி, ஒரோகைவா மக்களின் சொந்த நிலத்தின் ஊடாகப் போகிறது, சீட்டுக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. எங்களை ஏமாற்றியவர் அந்த ஊர்களையும்தான் ஏமாற்றியிருக்கிறார்.

மூன்றாம் நாள் ஒரு வேன் பிடித்து, சோகெரி வழியாக, தடம் தொடங்கும் ஓவர்ஸ் கார்னருக்காவது போய்வந்தோம். 1942 செப்டம்பரில் இயோரிபைவாவை நோக்கிச் சுட்ட 25 பவுண்டர் பீரங்கிகளின் நினைவாக அங்கே ஒரு பீரங்கி நிற்கிறது. நுழைவாயிலுக்கு அப்பால் பாதை கோல்டி ஆற்றை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. அன்று காலை இறங்கிய வேறொரு குழுவின் காலணித் தடங்கள் செம்மண் சேற்றில் ஈரம் காயாமல் இருந்தன. எங்களுடன் வந்த பல்லராட் நகரத்து அம்மையார், இசுராவாவில் போரிட்ட தம் தந்தையின் படத்தை அந்தத் தூண்களின் அடியில் வைக்கவென்று நெகிழி உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். திரும்பும் வழியில் பொமானா போர்க் கல்லறையில், 1942 ஆகஸ்ட் 29 அன்று இசுராவாவில் வீழ்ந்த ஆஸ்திரேலியச் சிப்பாய் புரூஸ் கிங்ஸ்பரியின் கல்லருகே சற்று நேரம் நின்றார். படத்தை வெளியே எடுக்கவில்லை.

திரும்பி வந்ததும் பணத்தைக் கேட்டேன். முதல் பதிலில் உள்ளூர்த் தரப்பு சொதப்பிவிட்டதாகப் பழியைத் தூக்கி அந்த வழிகாட்டி மீதே போட்டார்கள். பதினொரு செய்திகளின் படத்தை நான் அனுப்பிய பிறகு, அது ‘தவிர்க்க இயலாத சூழ்நிலை’ ஆயிற்று. பணம் திரும்ப வராது, அடுத்த ஆண்டுப் பயணத்தில் 4,650 டாலரைக் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த ஆண்டுக் கட்டணம் உயர்ந்திருப்பதால் வித்தியாசத் தொகையை நான் கட்ட வேண்டுமாம்! மறுத்து எழுதியதற்கு நேற்று வந்த பதில், எழுத்துக்கு எழுத்து, “கணக்குப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது.” அந்த வாசகத்தை எங்கே படித்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொலைபேசியை எடுப்பதில்லை. முன்பதிவுத் தளமோ, தாங்கள் இரு தரப்பையும் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே என்று ஒரே வரியில் கை கழுவிவிட்டது. நீங்களாக மனமுவந்து அனுப்பிய பணத்துக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறது வங்கி. ஏற்பாட்டாளரின் தவறுக்கு என் காப்பீட்டில் இடமில்லை; விதி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, இப்போதுதான் படித்தேன். வீட்டில் மனைவி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. “காலணியை எங்கே வைக்கட்டும்?” என்று மட்டும் கேட்டார்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கோகோடா தட ஆணையத்தின் உரிமம் பெற்றவர்தானா என்று பாருங்கள். மீதித் தொகையைக் கட்டும் முன், உங்கள் பெயரில் எடுத்த அனுமதிச் சீட்டின் படத்தைக் கேளுங்கள். வழிகாட்டியின் எண்ணை வாங்கி நீங்களே கூப்பிட்டு, அவருக்குப் பணம் வந்ததா என்று விசாரியுங்கள். கூடுதல் கட்டணம் போனால் போகட்டும், அட்டையிலேயே கட்டுங்கள். வரலாறு நன்றாகப் பேசுகிறார்கள் என்பதற்காக யாரையும் நம்பாதீர்கள்.

எட்டுப் பேரில் ஐந்து பேர் வரும் வாரம் நுகர்வோர் தீர்ப்பாயத்தில் சேர்ந்து மனுக் கொடுக்கிறோம். வழிகாட்டி தமக்கு வந்த செய்திகளை எல்லாம் எங்களுக்கு அனுப்பிவைத்திருக்கிறார். அவர் கைக்காசு போட்டு வாங்கிய அரிசிக்கும் டின் மீனுக்கும் இன்னும் யாரும் பணம் தரவில்லை. இன்று காலை அந்த முன்பதிவுத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே பயணம், அதே படங்கள், அடுத்த குழுவுக்கு “மூன்று இடங்களே மீதம்” என்று போட்டிருக்கிறார்கள்.