40 ரூபாய் சார்ட்டில் மூணு பேரோட பொறுப்புக் காலத்தைக் காணோம்

திருத்தணி மலையடிவாரத்துல ஒரு ஸ்டேஷனரி கடையில வாங்கின 'இந்தியக் குடியரசுத் தலைவர்கள்' சார்ட் பத்தினது இது. லேமினேஷன் நல்லாருக்கு, எழுத்துப் பிழை இல்லை. டியூப்லைட் பட்டா மட்டும் மேல் வரிசை மூஞ்சியெல்லாம் வெள்ளையாத் தெரியும்.

சாயந்தரம் வீட்டுல டியூஷன் எடுக்கிறேன். சார்ட்டை மாட்டின மறுநாளே நகரியில இருந்து வர்ற பையன் என்னை மாட்டிவிட்டான். "அக்கா, ஜாகிர் உசேன் 1969 மே 3-ல முடியுது, கிரி ஆகஸ்ட் 24-லதான் வர்றாரு. நடுவுல யாரு?"

சார்ட்டுல பதில் இல்லை. 15 பேர் படம்தான், தற்காலிகமாப் பொறுப்புல இருந்தவங்களுக்கு இடமே கிடையாது. ஜாகிர் உசேன் இறந்ததும் குடியரசுத் துணைத் தலைவரா இருந்த கிரி பொறுப்பேத்தார். தேர்தல்ல தானே நிக்கணும்னு ஜூலை 20-ல ராஜினாமா பண்ணிட்டார். ரெண்டு நாற்காலியும் காலி! அப்படி ஆனா உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி உக்காரணும்னு அந்த மே மாசம்தான் சட்டம் போட்டிருந்தாங்க. அதனால ஹிதாயத்துல்லா 35 நாள் இருந்தார். அமெரிக்க அதிபர் நிக்சன் டெல்லிக்கு வந்தது அந்த 35 நாளுக்குள்ளதான். ஹிதாயத்துல்லாவே 1979-ல துணைத் தலைவராகி, 1982-ல ஜெயில் சிங் சிகிச்சைக்கு வெளிநாடு போனப்ப மறுபடி பொறுப்பு பார்த்தார். 1977 பிப்ரவரியில பக்ருதீன் அலி அகமது இறந்தப்ப துணைத் தலைவர் ஜாட்டி பொறுப்பேத்தார். மூணு பேருக்கும் ஓரத்துல ஒரு வரி போட்டிருக்கலாம்.

அமெரிக்காவுல கென்னடி இறந்ததும் துணை அதிபர் ஜான்சன் முழு அதிபராவே ஆயிட்டார். இங்க அப்படி இல்லை, துணைத் தலைவர் பொறுப்பு மட்டும்தான் பார்ப்பார், ஆறு மாசத்துக்குள்ள தேர்தல் நடத்தியாகணும். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைங்க மண்டையில ஏத்த எனக்கு ஒரு முழு சாயந்தரம் ஆச்சு.

அடியில பொடி எழுத்துல துணைத் தலைவர்கள் பட்டியல், தன்கரோட நின்னுடுது. அவர் 2025 ஜூலை 21-ல ராஜினாமா பண்ணி, செப்டம்பர் 12-ல திருப்பூர்க்காரர் சி.பி.ராதாகிருஷ்ணன் பதவியேத்துட்டார். நான் வெள்ளைத்தாள் துண்டு ஒட்டிட்டேன். நடுவுல பொறுப்புத் துணைத் தலைவர்னு யாரும் கிடையாது, குடியரசுத் துணைத் தலைவர் நடத்துற மாநிலங்களவையை மட்டும் அந்த அவையோட துணைத் தலைவர் பார்த்துக்கிட்டார்.

அந்தப் பட்டியல்ல முதல் பேரு நம்ம ஊர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 'திருத்தணி, தமிழ்நாடு'ன்னு போட்டிருக்கு. அதைப் பார்த்து அப்பா சிரிச்சார். ராதாகிருஷ்ணன் 1952-ல துணைத் தலைவரானப்ப ஊர் சென்னை மாநிலத்துச் சித்தூர் மாவட்டம், 1953-ல ஆந்திரா, 1960-ல மறுபடி நம்ம பக்கம். "அவர் நாற்காலி மாறல, ஊர்தான் ரெண்டு தடவை மாறுச்சு"ன்னார்.

அஞ்சுக்கு மூணு நட்சத்திரம். மாட்டக் கம்பி வராது, பழைய காலண்டர் கம்பியை உருவி வச்சுக்கங்க.