நம்ம ஊர் தரைக்குப் பிள்ளைகளுக்கு எந்த கால்பந்து ஷூ?

பெரியபட்டினம், கீழக்கரை பக்கம் பிள்ளைக்கு கால்பந்து ஷூ வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது கம்பெனி பெயர், அடுத்து கலர். என் மகன் எட்டு வயதில் ஆட ஆரம்பித்தவன், இப்போது ஆறாவது படிக்கிறான். அவன் போட்டுத் தேய்த்த ஷூக்களை எல்லாம் பார்த்த பிறகு நான் சொல்வது இதுதான்: ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். பிள்ளை ஆடுகிற தரைக்கு அது ஆகுமா என்பதை முடிவு செய்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

டப்பாவில் எஃப்ஜி என்றிருந்தால் புல்தரைக்கு. அடியில் பத்துப் பன்னிரண்டு கெட்டியான ஸ்டட், அதாவது நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் இருக்கும், அவை மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்க வேண்டும். எஸ்ஜி என்பது ஈரமான, சேறான தரைக்கு, திருகி மாட்டுகிற ஸ்டட், பிள்ளைகளுக்குத் தேவையே இல்லை. ஏஜி செயற்கைப் புல்லுக்கு. டிஎஃப் என்றால் அடி முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் முனைகள் நெருக்கமாக இருக்கும், டர்ஃப் ஷூ என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார்.

நம்ம ஊர் கிரவுண்டு எப்படி என்று உங்களுக்கே தெரியும். பங்குனி, சித்திரையில் காய்ந்து இறுகிக் கிடக்கும், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அதே இறுகிய தரைமேல் மணல் பரவிக் கிடக்கும். இதில் எஃப்ஜி ஸ்டட் எங்கே இறங்கும்? இறங்காமல் நிற்கிறபோது உடம்பு எடை முழுவதும் அந்தச் சில முனைகள்மேல் விழுகிறது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குதிகால்தான் அடி வாங்குகிறது.

மகனுக்கு அவன் மாமா துபாயிலிருந்து அனுப்பிய ஜோடி எஃப்ஜிதான். நல்ல சரக்கு, தண்ணீர் விட்டு வளர்த்த புல்லில் ஆடினால் அருமையாக இருந்திருக்கும். இங்கே போட்டு ஆட ஆரம்பித்த பிறகு, மஃரிபுக்கு வீடு திரும்பும்போது முன்பாதத்தை மட்டும் ஊன்றி நொண்டியபடி வருவான். "வாப்பா, குதிகால் வலிக்குது" என்பான், காலையில் சரியாகிவிடும், மறுநாள் ஆடினால் திரும்ப வரும். டாக்டர் குதிகாலின் இரண்டு பக்கத்தையும் விரலால் அழுத்தினார், பையன் துள்ளிவிட்டான். எட்டிலிருந்து பதினாலு வயதுக்குள் ஆடி ஓடுகிற பிள்ளைகளுக்கு இது சகஜம், குதிகால் எலும்பு வளர்கிற இடத்தில் வரும் வலி, செவர்ஸ் என்பார்கள். வளர்ச்சி முடிந்தால் போய்விடும், ஆனால் அதுவரை கெட்டித் தரையும் கெட்டி ஸ்டட்டும் சேர்ந்தால் கூடிக்கொண்டே போகும். கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்து, குதிகாலுக்கு மெத்தையான பேடு வைத்து, டிஎஃப்புக்கு மாற்றினோம். வலி படிப்படியாக விட்டது. பிள்ளை குதிகால் வலி என்றால் ஓடச் சோம்பேறித்தனம் என்று தயவுசெய்து அதட்டாதீர்கள்.

அன்றிலிருந்து டிஎஃப்தான். நிவியா, கிப்ஸ்டா இரண்டிலுமே பிள்ளைகள் சைஸில் கிடைக்கிறது, பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில் தரை ஊறிக் குழையும்போது டிஎஃப் கொஞ்சம் வழுக்கும், அது உண்மை. அந்தச் சில வாரங்களுக்காக வருஷம் முழுக்க ஸ்டட்டில் ஓட விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. போட்டிக்கு ஸ்டட் கட்டாயம் என்று சிலர் சொல்வார்கள். கால்பந்து விதிகளில் 4ஆவது விதி ஷூவும் ஷின் பேடும் (கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பைக் காக்கிற தடுப்பு) வேண்டும் என்கிறது, ஸ்டட் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

சைஸ் விஷயத்தில் நம்மாட்களின் பழக்கம், அடுத்த பெருநாள் வரைக்கும் வரட்டும் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவது. யூகே அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம், இரண்டு சைஸ் என்றால் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. கால் உள்ளே முன்னும் பின்னும் ஓடும், நகம் கறுக்கும், குதிகாலில் கொப்புளம் போடும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் போதும். அஸர் தொழுதபின் கூட்டிக்கொண்டு போங்கள், சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும், ஆடும்போது போடுகிற கனமான சாக்ஸையும் கையோடு எடுத்துப் போங்கள். ஷூவுக்குள் இருக்கிற அட்டையை வெளியே எடுத்து அதன்மேல் பிள்ளையை நிற்க வையுங்கள், மிச்ச இடம் கண்ணுக்கே தெரிந்துவிடும். இரண்டு காலையும் பாருங்கள், பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். பிள்ளைகள் அளவு 13 முடிந்ததும் மறுபடி 1 என்று தொடங்கும், ஆன்லைனில் வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

அப்புறம் கருவேல முள். ரப்பர் அடியில் ஏறி உள்ளேயே ஒடிந்து நிற்கும், அன்றைக்குத் தெரியாது. அடி தேயத் தேய ஒரு நாள் கால் பக்கம் எட்டிப் பார்க்கும். வாரம் ஒருமுறை அட்டையை எடுத்துவிட்டு உள்ளே விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்கிறேன், தட்டுப்பட்டால் அடிப்பக்கமிருந்து குறடால் பிடுங்கிவிடலாம்.

புது ஷூ வாங்கின கையோடு செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து அடியைச் சுற்றிலும் நைலான் நூலால் தைத்து வாங்கிவிடுங்கள். நம்ம வெயிலுக்குப் பசை மட்டும் நிற்காது, மூக்குப் பக்கம்தான் முதலில் வாய் பிளக்கும். நனைந்தால் வெயிலில் காய வைக்காமல் உள்ளே நியூஸ் பேப்பரைத் திணித்து நிழலில் வையுங்கள். லேஸ் ஓட்டைக்கு இரும்பு வளையம் இருந்தால் உப்புக் காற்றில் துருப்பிடித்து லேஸை அறுக்கும், வளையம் இல்லாததாகப் பார்த்து எடுங்கள்.

சின்னதாகிப் போனதைத் தம்பிக்கோ அக்கா மகனுக்கோ கொடுப்பதில் தப்பில்லை. கொடுக்கும்முன் சமதளத்தில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால் கொடுக்காதீர்கள், அது முதலில் போட்டவன் காலுக்குப் பழகிய சாய்வு.