புளியா, பெட்டியா: குன்னூர் மூடுபனியில் பதினோரு செப்புக்காசுகள்

அத்தை வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு பழைய ஆர்லிக்ஸ் பாட்டில் கிடைத்தது. உள்ளே பதினோரு காசு. கம்பெனி காலத்து 1835 காலணா இரண்டு, விக்டோரியா தலை போட்டவை ஐந்து, ஜார்ஜ் மன்னர் காலத்தவை மூன்று, நடுவில் துளை போட்ட ஓட்டைக் காலணா ஒன்று. நான் பஸ் பிடித்துக் குன்னூர் போய்ச் சேர்வதற்குள் அத்தை ஒரு 1835-ஐப் புளியும் கல்லுப்பும் போட்டு, குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் தேய்த்து முடித்திருந்தார். கோபம் வந்தது. ஆனால் அதில் ஒரு வசதியும் இருந்தது: ஒரே வருடத்துக் காசு இரண்டு, ஒன்று தேய்த்தது, மற்றது கை படாதது. ஜன்னலோரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

தொடாத காசு வறுத்த காப்பிக்கொட்டை நிறம். கேடயத்துக்கு இருபுறமும் நிற்கும் சிங்கங்களின் பிடரி மயிர் லென்ஸில் தனித்தனிக் கோடாகத் தெரிகிறது. எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கரும்பச்சைக் களிம்பு. தேய்த்த காசோ பொருக்கு உதிர்ந்த இடத்தில் வரும் புதுத்தோல் மாதிரி இளஞ்சிவப்பு. சிங்கம் இருக்கிறது, பிடரி மழுங்கிவிட்டது. “பளபளன்னு இருக்குல்ல கண்ணு, நல்ல வெலைக்குப் போகும்” என்றார் அத்தை. சேகரிப்பவர்கள் கணக்கு நேர் எதிர். தேய்த்த காசை எடுத்த எடுப்பிலேயே கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார்கள். 1835 காலணா அப்படி ஒன்றும் அரிய காசும் இல்லை என்பதை அத்தையிடம் அன்று சொல்லவில்லை.

புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இரண்டும் செம்பின் மேல் படிந்த ஆக்சைடையும் களிம்பையும் கரைக்கும். பூஜைச் சாமானுக்கு அதுதானே வேண்டும்! காசுக்குத்தான் அது ஆகாது. நூற்றைம்பது, இருநூறு வருடத்தில் செம்பின் மேல்பரப்பே மெல்ல மெல்ல ஆக்சைடாக மாறியிருக்கும். அச்சின் நுண்ணிய கோடுகள் அந்தத் தோலில்தான் உட்கார்ந்திருக்கின்றன. தோலைக் கரைத்தால் கோடும் சேர்ந்து போகும். சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள், உலோகத்தோடு கூடவே இருப்பது என்று. உயிருக்கு அது போக வேண்டியது. காசில் அதை விட்டுவைப்பதே நல்லது.

தேய்த்ததைவிடப் பெரிய தப்பு அந்தக் கல்லுப்பு. உப்பில் இருப்பது குளோரைடு. அது காசின் நுண்குழிகளில் தங்கி, செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாகிவிட்டால், ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் வெளிர்பச்சைத் தூளாகப் பொங்கும். அப்போது கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் உள்ளே இருக்கும் செம்பைத் தின்று மறுபடி குளோரைடாக்கும். பேர் ‘வெண்கல நோய்’, ஆனால் சுத்தச் செம்பையும் பிடிக்கும். இந்த ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால் அடுப்படி உப்பு ஜாடியே கசியும். அதே உப்பைக் காசின் குழிகளில் ஏற்றிவிட்டு, பளபளப்பு நிற்க வேண்டும் என்றால் எப்படி நிற்கும்?

ஆகவே எந்த முறை நல்லது என்பதற்கு முன்னால், காசில் இருக்கும் பச்சை தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரும்பச்சையாக, கெட்டியாக, பல்குச்சியால் சுரண்டினாலும் வராமல் இருந்தால் அது பெரும்பாலும் மாலகைட்டு, கெடுதல் செய்யாத செம்புக் கார்பனேட். அதைத் தொடவே வேண்டாம். வெளிர்பச்சையாக, திருநீறு மாதிரித் தூளாக உதிர்ந்தால் நோய். சந்தேகம் இருந்தால் மூடியுள்ள டப்பாவில் ஈரப்பஞ்சு ஒன்றை வைத்து, பஞ்சில் படாமல் காசை ஓரிரு நாள் வைத்துப் பாருங்கள். புதிதாக வெளிர்பச்சைப் புள்ளி எழுந்தால் விழித்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பதினொன்றில் ஒன்பது காசு நல்ல தூக்கம்.

இனி மாற்று வழிகள். எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைப்பவர்கள் இருக்கிறார்கள், ஆலிவ் எண்ணெய்தான் பிரபலம். அதன் கொழுப்பமிலம் மெதுவாகச் செம்பைக் கரைப்பதால்தான் எண்ணெய் பச்சையாகிறது. புளி ஒரு நாளில் செய்வதை இது நிதானமாகச் செய்கிறது, அவ்வளவுதான். (தேங்காய் எண்ணெய் போடலாமா என்றார் அத்தை. இந்தக் குளிரில் அது முதலில் உருகட்டும்.)

வெறும் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் என்றால் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, மிருதுவான பிரஷ்ஷால் லேசாகத் தட்டி எடுத்து, அசிட்டோனில் ஒருமுறை முக்கி உலர்த்தினால் போதும். குழாய்த் தண்ணீர் ஆகாது, அதில் குளோரின் கலந்திருக்கும். டிஸ்டில்டு வாட்டர் பேட்டரிக் கடையில் கிடைக்கும். அசிட்டோனுக்கு ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பை அணைத்துவிட வேண்டும். என் கையில் வந்த காசுகளில் பாதிக்கு மேல் இதைத் தாண்டி எதுவும் தேவைப்படவில்லை.

விழித்த காசுக்குத்தான் பெரிய வைத்தியம். ஒரு வழி, சோடியம் செஸ்குவிகார்பனேட் 5 சதவீதக் கரைசல்: சலவை சோடாவும் ஆப்ப சோடாவும் சேர்ந்த சரக்கு. குளோரைடை வெளியே இழுக்கும். ஆனால் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில், கரைசலை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். சில காசுகளில் நீலச்சாயல் படிந்து நிறமும் மாறிவிடும். இன்னொன்று பென்சோட்ரையசோல். எத்தனாலில் 3 சதவீதம் கரைத்து அருங்காட்சியகங்களில் 1960களிலிருந்து பயன்படுத்துகிறார்கள். இது உப்பை எடுப்பதில்லை, செம்பின் மேல் படலமாகப் பிடித்துக்கொண்டு ஈரத்தைத் தடுக்கிறது. நச்சுப் பொருள். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, சமையலறையில் வைத்துச் செய்யவே கூடாது. இரண்டில் எது என்று கேட்டால், வீட்டில் செய்வதானால் நான் சோடாவின் பக்கம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930லேயே செப்புத்திருமேனிகளின் களிம்புக்காக வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கி, மின்பகுப்பு முறையில், அதாவது கரைசலில் மின்சாரம் பாய்ச்சி, வைத்தியம் பார்த்தார்கள். அதைப் படித்துவிட்டு மொபைல் சார்ஜரை வெட்டி உப்புத் தண்ணீரில் காசைத் தொங்கவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காசு மொட்டையாகத்தான் வெளியே வரும்.

சும்மா விடுவது எப்போதும் சரி என்றும் சொல்ல மாட்டேன். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அச்சடித்த 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் கரையோர மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் மீட்ட அந்தக் காசுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. கடலுப்பில் கிடந்த காசை அப்படியே இங்கே அலமாரியில் வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது.

தூங்குகிற காசுக்கு உலர்ந்த பெட்டிதான் என் ஓட்டு. இந்த ஊரில் துணி பூசணம் பிடிக்காமல் இருக்க அலமாரிக்குள் சின்ன பல்பு எரியவிடுவார்கள். காசையும் அதிலேயே வைத்தால் என்ன என்று தோன்றும். பல்பு எரியும்வரை சரி. நாலு மணி நேரம் கரண்ட் போனால், சூடு ஆறி ஈரம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைவிட ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். முள் 40 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நோய் பெரும்பாலும் எழாது. ஜெல் மணிகள் நிறம் மாறியதும் சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய சட்டியில் இளஞ்சூட்டில் உலர்த்தி மறுபடி போடலாம். கோவையில் இது வருடத்துக்கு ஓரிரு முறை வேலை. இங்கே கார்த்திகையில் வாரம் ஒருமுறை. பி.வி.சி. உறைகளில் மட்டும் போடாதீர்கள். அந்த பிளாஸ்டிக்கே அமிலம் கக்கிக் காசில் பச்சைப் பிசினாக ஒட்டும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறை நல்லது.

காசு தோட்டத்தில் மண் வெட்டும்போது கிடைத்தது என்றால் இந்தப் பேச்சே வேறு. 1878ஆம் வருடப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கழுவாமல் தெரிவிப்பது இன்னும் நல்லது.

எங்கள் பதினொன்றில் எட்டைத் தண்ணீரும் அசிட்டோனும் காட்டிப் பெட்டியில் போட்டேன். தொடாத 1835 தண்ணீர்கூடப் படாமல் அப்படியே பெட்டிக்குள் போனது. தூள் உதிர்ந்த விக்டோரியா ஒன்று சோடாவில் இரண்டரை மாதம் கிடந்து, கொஞ்சம் நிறம் செத்து, ஆனால் அமைதியாக வெளியே வந்தது. அத்தை தேய்த்ததை டிஸ்டில்டு வாட்டரில் பலமுறை அலசித் தனி டப்பாவில் வைத்தேன். “ஏங்கண்ணு, அழுக்குக் காசுக்கெல்லாம் ஒரே பெட்டி, நான் தேச்சதுக்கு மட்டும் தனிக்குடித்தனமா?” என்றார். போன கார்த்திகையில் திறந்து பார்த்தபோது இடப்பக்கச் சிங்கத்தின் காலடியில் கடுகளவு வெளிர்பச்சை. அதுவும் இப்போது சோடாவில் இருக்கிறது. தண்ணீர் மாற்றுவது அத்தையின் பொறுப்பு.