வோல்டேஜ் ஏறி இறங்குதா மக்ளே? சர்ஃப் கிதாருக்கு ஒரு ட்ரெமோலோ பெடல்

"ட்ரெமோலோ இருக்கா தம்பி?" என்று கேட்டேன். கடைக்காரத் தம்பி உள்ளே போய், வளைந்த குரோம் கம்பி ஒன்றை எடுத்துவந்து கண்ணாடி மேசைமேல் வைத்தான். "இது மதியோ சேச்சி?" (இது போதுமா அக்கா?) ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிதார்களின் பிரிட்ஜில் திருகிக்கொள்கிற கைப்பிடி அது. வெள்ளறடையில் கேஎஸ்ஆர்டிசி பஸ் பிடித்து, நெய்யாற்றின்கரை தாண்டும்வரை நின்றுகொண்டே திருவனந்தபுரம் போனது இந்தக் கம்பிக்காக இல்லை, கிதார் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கிற குட்டிப் பெட்டியான பெடலுக்காக.

அவனைத் திட்டவும் முடியாது. பெயரைக் குழப்பிவைத்தது ஃபெண்டர் கம்பெனி. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கைப்பிடியை அழுத்தினால் சுருதி இறங்கும். அதற்கு அவர்கள் ட்ரெமோலோ என்று பெயர் வைத்தார்கள். சுருதி அசைந்தால் அது வைப்ராட்டோ. சத்தம் மட்டும் கூடிக் குறைந்தால்தான் ட்ரெமோலோ. 1960களில் அதே கம்பெனி ஆம்ப்ளிஃபயருக்குள் நிஜமான ட்ரெமோலோவை வைத்துவிட்டு, அந்தச் சானலுக்கு மேலே வைப்ராட்டோ என்று அச்சடித்தது. இரண்டையும் மாற்றிப் போட்டாயிற்று. போதாததற்கு, ஒரே ஸ்ட்ரிங்கை மேலும் கீழுமாக மளமளவென்று மீட்டுவதற்கும் ட்ரெமோலோ பிக்கிங் என்றே பெயர். சர்ஃப் வாசிப்பில் இந்த மூன்றும் வரும். அதனால் கடையில் கேட்கும்போது 'சத்தம் ஏறி இறங்குற பெடல்' என்றே கேளுங்கள். நான் அப்படிக் கேட்ட பிறகுதான் தம்பிக்கு முகம் தெளிந்தது.

சர்ஃப் என்றால் 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாக் கடற்கரையில் பிறந்த வாத்திய இசை. பாட்டுக்காரர் வேண்டாம், கிதாரே பாடும். சர்ஃப் கிதார்காரர் டிக் டேல் தடித்த ஸ்ட்ரிங் போட்டுக்கொண்டு அடித்த அடிக்கு அன்றைய ஆம்ப்கள் தாங்கவில்லை, லியோ ஃபெண்டர் அவருக்காகவே பெரிய ஆம்ப் செய்தார் என்பதெல்லாம் இந்த இசை கேட்கிறவர்களுக்குத் தெரிந்த கதை. நான் அலைச்சறுக்குப் பலகையில் ஏறியதே இல்லை. எங்கள் வீடு அருமனைப் பக்கம், சுற்றிலும் ரப்பர். கடல் பார்க்கத் தேங்காய்ப்பட்டணம் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் கிதார். சனிக்கிழமை ராத்திரி அப்பாவின் ரப்பர் ஷீட் கொட்டகையில் நான், பேஸ் வாசிக்கும் அத்தை மகன், டிரம்ஸுக்குப் பக்கத்து வீட்டுப் பையன் என்று மூன்று பேர். மூங்கிலில் ஷீட் தொங்கும் நாளில் கொட்டகைக்குள் சத்தம் பொதுபொதுவென்று அடங்கி அருமையாக இருக்கும். ஷீட்டை விற்ற நாளில் தகரக் கூரை எல்லாவற்றையும் திருப்பி முகத்தில் அடிக்கும். இதை எந்த ரெவ்யூவிலும் படித்திருக்க மாட்டீர்கள்.

முதல் பெடலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம், விலை குறைவு என்று ஆன்லைனில் வாங்கியது. போட்டுப் பார்த்த முதல் நாளே அப்பா மீட்டர் போர்டு பக்கம் ஓடினார். "மக்ளே, வோல்டேஜ் ஏறி எறங்குதா? ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணட்டா?" இடவப்பாதி மழைக்காலத்தில் எங்கள் ஊர்க் கரண்ட் இருக்கிற இருப்புக்கு அது நியாயமான கேள்விதான். யோசித்துப் பார்த்தால், ட்ரெமோலோவை இதைவிடச் சரியாக யாரும் விளக்கியதில்லை. பழைய ஆம்ப்களில் சில, பவர் வால்வு எவ்வளவு கரண்ட் விடவேண்டும் என்று நிர்ணயிக்கிற பயாஸ் வோல்டேஜையே ஏற்றி இறக்கித்தான் இந்த வேலையைச் செய்தன. வேறு சிலவற்றில் ஒரு குட்டி நியான் பல்பு மினுக்கும். பக்கத்தில் வெளிச்சம் பட்டால் மின்தடை குறைகிற ஒரு துண்டு இருக்கும். பல்பு மினுக்க மினுக்கச் சத்தமும் மினுக்கும். அதற்கும் முன்னால், 1940களில் டிஆர்மண்ட் கம்பெனி விற்ற தனிப் பெட்டியில், மின்சாரம் கடத்துகிற திரவம் உள்ள சின்னக் குப்பியை ஒரு மோட்டார் குலுக்கும். திரவம் தளும்பித் தொடும்போதெல்லாம் சிக்னல் எர்த்துக்குப் போய்ச் சத்தம் அமுங்கும். கள்ளுக்குடத்தைக் குலுக்குவதுபோல ஒரு எஃபெக்ட்!

சரி, அந்த மலிவுப் பெடலில் என்ன குறை? வாசிக்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை. வாசிக்காதபோதுதான் தெரிந்தது. சர்ச்சில் எல்லோரும் கண்ணை மூடி மௌனமாக ஜெபிக்கிற நேரம், ஸ்பீக்கரிலிருந்து டிக், டிக், டிக். பெடலை ஆஃப் செய்ய நான் மறந்துவிட்டேன். ஆராதனை முடிந்ததும் பாடகர் குழு மாமி ஒருவர் வந்து, "புதுசா கடியாரம் மாட்டியிருக்கா பிள்ளே?" என்று கேட்டார். சத்தத்தை ஏற்றி இறக்க உள்ளே ஓடுகிற சர்க்யூட் ஒவ்வொரு சுற்றிலும் சட்டென்று கரண்ட் இழுக்கும். அந்த இழுப்பு ஆடியோ வழிக்குள் கசிந்தால் இப்படிக் கடிகாரம் ஓடும். எதிரொலி தருகிற டிலே பெடலுக்கும் இதற்கும் ஒரே அடாப்டரில் வயர் பிரித்துக் கொடுத்திருந்தேன். தனி பேட்டரி போட்டதும் முக்கால்வாசி குறைந்தது. மீதிக் கால்வாசிக்கு வழியில்லை.

அதனால் இரண்டாவது பெடலுக்குக் கடைக்கே போனேன். கடையில் பெடலைச் சோதிக்கிற எல்லோரும் வேகமாக ஏதாவது வாசித்துக் காட்டுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சத்தம் இறங்குகிற ஆழத்தை முழுக்கக் கூட்டி, கிதார் வால்யூமைப் பூஜ்யமாக்கி, கையைக் கட்டிக்கொண்டு பத்து நொடி நில்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். டிக் கேட்காவிட்டால் மேற்கொண்டு பேசலாம்.

தம்பி எடுத்துவைத்தது பாஸ் கம்பெனியின் டிஆர்-2, செகண்ட் ஹாண்ட், 5,500 ரூபாய் சொன்னான். பத்து நொடி நின்றேன், சுத்தம். குமிழ் மூன்றே மூன்று: ரேட், வேவ், டெப்த். வேகம், அலையின் வடிவம், ஆழம். இதில் வேவ் குமிழ்தான் சர்ஃபுக்கு உயிர். இடது கோடியில் முக்கோண அலை: சத்தம் வழுக்கிக்கொண்டு ஏறி, வழுக்கிக்கொண்டு இறங்கும். வலது கோடியில் சதுர அலை: அறுத்து அறுத்துப் போடும், ஹெலிகாப்டர் மாதிரி. சர்ஃபுக்கு வலது பக்கம் போகவே வேண்டாம். நான் இடது கோடியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி வைத்திருக்கிறேன். டெப்த் கடிகார முள்ளில் பத்து மணி, மிஞ்சிப் போனால் பதினொன்று. இதற்கு மேல் வைத்தால் ராகத்தைவிட நடுக்கம்தான் முன்னால் நிற்கும். குழம்பில் பெருங்காயம் மாதிரிதான் இதுவும்: போட்டது தெரியக்கூடாது, போடாதது தெரியவேண்டும்.

இந்தப் பெடலில் லெவல் குமிழ் கிடையாது, அதை அறிந்து வாங்குங்கள். ட்ரெமோலோ சத்தத்தைக் குறைத்துக் குறைத்துத்தான் அலையை உண்டாக்குகிறது. உச்சம் பழைய அளவிலேயே நின்று பள்ளம் மட்டும் இறங்கினால், சராசரி விழுந்துதான் ஆகவேண்டும். வழுக்குகிற சைன் அலையை முழு ஆழத்தில் வைத்துக் கணக்குப் போட்டேன், நாலு டெசிபல் சொச்சம் குறைகிறது. பாதி ஆழத்தில் இரண்டு சொச்சம். எந்தக் கம்பெனி பெடலானாலும், தனியாக ஏற்றிக்கொடுக்க வழி வைக்காவிட்டால் இந்தக் கணக்கு மாறாது. என் வழி இது: கிதார் வால்யூமை எப்போதும் எட்டிலேயே வைத்திருப்பேன், பெடலை மிதிக்கிற அதே நொடியில் சுண்டுவிரலால் பத்துக்குத் தள்ளிவிடுவேன். இரண்டு வாரம் பழகினால் கை தானாகப் போகும்.

காலால் தட்டிக் காட்டிய தாளத்துக்கே வேகத்தைப் பொருத்துகிற டாப் டெம்போ வசதியும் இதில் இல்லை. நாங்கள் வாசிக்கிற மெதுவான மெட்டு ஒன்று நிமிடத்துக்கு 96 அடி. அடிக்கு மூன்று துடிப்பு வேண்டுமென்றால் நொடிக்கு 4.8 முறை சத்தம் ஏறி இறங்கவேண்டும். குமிழில் அப்படி எண்ணெல்லாம் எழுதியிருக்காது. டிரம்ஸ் பையன் ஹை-ஹாட் தட்ட, நான் ஒரே கார்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு குமிழைத் திருக, சரியாக வந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்தோம். இப்போது மூன்று மெட்டுக்கு மூன்று புள்ளி. கை வியர்வையில் அழியும், மறுபடி வைப்பேன்.

வேகமான மெட்டுகளில் இந்தப் பெடலைத் தொடவே தொடாதீர்கள். நிமிடத்துக்கு 160 அடியில், அடிக்கு நாலு வீதம் மேலும் கீழுமாக டபுள் பிக்கிங் செய்தால் நொடிக்குப் பத்தரைக்கு மேல் தட்டு விழும். பெடல் நொடிக்கு ஐந்து பள்ளம் தோண்டுகிறது என்று வையுங்கள். ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒரு தட்டு பள்ளத்தில் விழும். அப்புறம் இரண்டும் மெல்ல மெல்ல விலகி, மேட்டில் இருந்த தட்டு பள்ளத்துக்கும் பள்ளத்தில் இருந்தது மேட்டுக்கும் மாறும். கேட்கிறவருக்கு நீங்கள் தாளம் தவறியதாகத்தான் தோன்றும். அத்தை மகன் ஒரு மாதம் என்னைத் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். வேகத்துக்கு ரிவர்ப், அதாவது பெரிய அறைக்குள் வாசிப்பதுபோன்ற முழக்கம், போதும். ட்ரெமோலோ மைனர் கார்டுகளில் நகர்கிற, இரவு நேரக் கடல் மாதிரியான மெட்டுகளுக்கு.

ரிவர்ப் என்றதும் அடுத்த சண்டை: எது முன்னால், எது பின்னால்? என் ஆம்பில் ஸ்பிரிங் அதிர்ந்து ரிவர்ப் உண்டாக்குகிற நிஜ ஸ்பிரிங் டாங்க் இருக்கிறது, காலால் இடித்தால் இடி இடிக்கும். பெடலை அதற்கு முன்னால்தான் செருக முடியும். அப்படிச் செருகினால் பெடல் தோண்டுகிற பள்ளத்தையெல்லாம் ரிவர்பின் வால் வந்து நிரப்பிவிடுகிறது, அலை மொண்ணையாகிவிடுகிறது. 1961இல் ஃபெண்டர் விற்ற தனி ரிவர்ப் பெட்டி கிதாருக்கும் ஆம்புக்கும் நடுவில் உட்காரும். ட்ரெமோலோ ஆம்புக்குள் இருக்கும். அதாவது முதலில் ரிவர்ப், அதற்குப் பிறகு ட்ரெமோலோ. நனைந்த சத்தம் மொத்தமும் சேர்ந்து ஏறி இறங்கும். அந்த வரிசைதான் என் காதில் இருந்தது. அதற்காகவே ஆம்ப் ரிவர்பை அணைத்துவிட்டு, ஒரு ஸ்பிரிங் ரிவர்ப் பெடலை முன்னால் வைத்து, டிஆர்-2ஐக் கடைசியில் வைத்தேன். நிஜ ஸ்பிரிங்கின் அந்தச் 'சளக்' போனது வருத்தம்தான். ஆனாலும் மாற்றமாட்டேன்.

நாகர்கோவிலில் தெரிந்த தம்பி ஒருவர் ஸ்ட்ரைமன் கம்பெனியின் ஃபிளிண்ட் பெடலை ஒரு வாரம் கடன் கொடுத்தார். ரிவர்பும் ட்ரெமோலோவும் ஒரே டப்பாவில். ட்ரெமோலோ மூன்று வகை: '61 ஹார்மோனிக், '63 ட்யூப், '65 போட்டோ. ஹார்மோனிக் வகையில் சத்தம் மொத்தமாக இறங்குவதில்லை; கனத்த ஒலி (பேஸ்) ஏறும்போது கூர்மையான ஒலி (ட்ரெபிள்) இறங்கும், பிறகு மாறும். கொட்டகையில் அதைப் போட்ட ராத்திரி மூன்று பேரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒரே கார்டைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். விலை எனக்கு எட்டாது, அவ்வளவுதான் அதில் குறை. எட்டுகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடுகிற சாமான் இல்லை, 250 மில்லியாம்ப் கொடுக்கிற நல்ல சப்ளை வேண்டும்.

அடாப்டர் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் கிடக்கிற வைஃபை ரவுட்டர் அடாப்டரைச் செருகிப் பார்க்கவேண்டாம். அதில் பெரும்பாலும் நடு முனை பிளஸ். இந்தப் பெடல்களுக்கு நடு முனை மைனஸ் வேண்டும். வோல்ட்டும் ஒன்பதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குரோம் கம்பியையும் வாங்கிவந்தேன். சர்ஃபில் கடைசிக் கார்டை அடித்துவிட்டுக் கைப்பிடியை லேசாக அழுத்தி விடுவது ஒரு சுகம், அதோடு ட்ரெமோலோவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வீட்டுக்கு வந்து திருகினால் மரையில் பிடிக்காமல் லொடலொடவென்று ஆடியது. அமெரிக்க ஸ்ட்ராட்டுக்கு இஞ்ச் கணக்கில் மரை, என் கிதாருக்கு ஆறு மில்லிமீட்டர் மரை. கம்பி இப்போது ஷீட் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. அப்பா அதில் டார்ச் மாட்டி வைத்திருக்கிறார்.