ஆர்டிஎல், சாட்.1, புரோசீபன், வோக்ஸ்: சொந்தச் சரக்கும் வாங்கிய சரக்கும்

ஜெர்மனியில் தனியார் தொலைக்காட்சி 1984 ஜனவரி 1 அன்று பிறந்தது. லூட்விக்ஸ்ஹாஃபென் நகரின் கேபிள் சோதனைத் திட்டத்தில் அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய பிகேஎஸ் என்ற சேனல், அடுத்த ஆண்டு சாட்.1 ஆனது. ஒரே நாள் பின்னால், ஜனவரி 2 அன்று, லக்சம்பர்கிலிருந்து ஆர்டிஎல் பிளஸ் வந்தது. சாட்.1 பக்கம் பத்திரிகை முதலாளிகளும், திரைப்பட உரிமை வணிகர் லியோ கிர்ஷின் மிகப் பெரிய திரைப்படக் கிடங்கும் இருந்தன. ஆர்டிஎல்லிடம் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் 1993இல் 18.9 விழுக்காடு பார்வையாளர் பங்குடன், அரசு சாராப் பொது ஒளிபரப்பாளர்களான ஏஆர்டி, இசட்டிஎஃப் இரண்டையும் தாண்டி முதலிடத்துக்குப் போனது ஆர்டிஎல்தான்.

முதல் காரணம் ஆன்டெனா. பிகேஎஸ்ஸைக் கேபிள் இழுத்த வீடுகளில் மட்டுமே பார்க்க முடியும்; அந்தக் கேபிளை அஞ்சல் துறை மெதுவாகத்தான் பதித்துக்கொண்டிருந்தது. ஆர்டிஎல்லோ லக்சம்பர்க் கோபுரத்திலிருந்து எல்லையோர ஜெர்மன் வீடுகளின் கூரை ஆன்டெனாவுக்கே நேராகப் போனது. தரைவழி அலைவரிசையைப் பங்கிட்டுத் தருவது மாநிலங்களின் கையில். 1988இல் ஆர்டிஎல் கொலோனுக்குக் குடிபெயர்ந்தது. அந்த நகர் இருக்கும், நாட்டிலேயே மக்கள்தொகை மிகுந்த நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தின் தரைவழி அலைவரிசைகள் அதற்குக் கிடைத்தன. நிகழ்ச்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும், எட்டாத வீட்டில் பங்கு பூஜ்யம். 1988 டிசம்பரில் ஏவப்பட்ட அஸ்ட்ரா 1ஏ செயற்கைக்கோளும், நாடு இணைந்த பிறகு கிழக்கு ஜெர்மனியில் பெருகிய டிஷ்களும் எல்லாச் சேனல்களுக்கும் பொதுவான வரவு.

இரண்டாவது காரணம் மாலை அட்டவணை. ஏஆர்டியும் இசட்டிஎஃபும் வேலை நாளில் 20 நிமிடம்தான் விளம்பரம் போடலாம், அதுவும் இரவு 8 மணிக்குள். ஞாயிறு, விடுமுறை நாள்களில் அதுவும் கிடையாது. 8 மணிக்கு மேல் வரும் விளம்பரப் பணம் முழுக்கத் தனியாருக்கே. இடையில் ஒரே ஒரு தடை: 8 மணிக்கு ஏஆர்டியின் தாகெஸ்ஷௌ செய்தி. கால் மணி நேரச் செய்தி முடிந்தபின்தான் நாடே மாலைப் படத்துக்குத் திரும்பும். அதனால்தான் ஜெர்மன் பிரைம் டைம் இன்றும் 8.15க்குத் தொடங்குகிறது. சாட்.1 ஒருமுறை 8 மணிக்கே தொடங்கிப் பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டு பின்வாங்கியது.

ஆர்டிஎல் அந்தச் செய்தியோடு மோதவில்லை, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தது. 1992 மே 11 அன்று தொடங்கிய ‘நல்ல காலம், கெட்ட காலம்’ (கூட்டே த்ஸைட்டன், ஷ்லெஹ்டே த்ஸைட்டன்) வார நாள்களில் 7.40க்குத் தொடங்கி 8.15க்கு முடியும். 8 மணி அடிக்கும்போது பார்ப்பவர் கதையின் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பார். முன்னால் 6.45க்குச் சொந்தச் செய்தி, பின்னால் 8.15க்குப் பெரிய நிகழ்ச்சி. முதல் 230 பகுதிகள் ஓர் ஆஸ்திரேலிய நெடுந்தொடரைத் தழுவியவை. அதன்பின் சொந்தக் கதை. முடிவே இல்லாத கதை என்பதால் நடிகர் போனால் பாத்திரம் போகும், தொடர் நிற்காது.

சாட்.1 தன் முன்மாலைக்கு 2005இல் ‘ஃபெர்லீப்ட் இன் பெர்லின்’ என்ற தொடரைக் கொண்டுவந்தது. பெரிய வெற்றி. ஆனால் அது டெலிநோவெலா வகை. நாயகிக்குத் திருமணம் ஆனால் கதை முடிந்தது. லாபத்தை விட மனமில்லாமல் புது நாயகனை வைத்து நீட்டினார்கள். பார்வையாளர்கள் கழன்றுகொண்டார்கள், 2007இல் நிறுத்தினார்கள். வடிவத்தைத் தேர்ந்தெடுத்த அன்றே இந்த முடிவு எழுதப்பட்டுவிட்டது.

சாட்.1இன் பெரிய பலம் கால்பந்து. 1992 முதல் ‘ரான்’ நிகழ்ச்சியில் ஜெர்மன் கால்பந்து லீகான புண்டஸ்லிகா. ஆனால் உரிமை கிர்ஷுடையது. அவருக்கு ‘பிரீமியர்’ என்ற கட்டணச் சேனலும் இருந்தது. அதற்குச் சந்தா சேர வேண்டும் என்று 2001இல் இலவசத் தொகுப்பைச் சனிக்கிழமை இரவு 8.15க்குத் தள்ளினார்கள். ஆட்டமோ பிற்பகலிலேயே முடிந்துவிடும், முடிவு எல்லோருக்கும் தெரியும். பார்வையாளர்கள் சரிந்தார்கள், சில வாரங்களில் நிகழ்ச்சி முன்மாலைக்கே திரும்பியது. 2002இல் கிர்ஷ் குழுமம் திவால். 2003இல் புண்டஸ்லிகா ஏஆர்டிக்குப் போனது. சனிக்கிழமை மாலைக்கு அதே எடையில் மாற்று எதுவும் சாட்.1இடம் இல்லை. ஆர்டிஎல்லும் உரிமை வாங்கியதுதான்: 1991 முதல் 2020 வரை ஃபார்முலா 1. ஜெர்மன் பந்தய வீரர் ஷூமாகர் என்ற அதிர்ஷ்டம் கூடவே வந்தது. ஆனால் பந்தயம் இல்லாத வாரத்தில் அதன் வீடு காலியாக இருக்கவில்லை.

1989 ஜனவரி 1 அன்று தொடங்கிய புரோசீபன் முழுக்கவே கிர்ஷ் கிடங்கின் பிள்ளை. ஹாலிவுட் படங்கள், அமெரிக்கத் தொடர்கள், இளைஞர் கூட்டம். சொந்தத் தயாரிப்பு வேண்டும் என்ற நெருக்கடியே அப்போது இல்லை. ஸ்டூடியோக்கள் தங்கள் படங்களைத் தாங்களே இணையத்தில் விற்கத் தொடங்கியபோதுதான் அடித்தளம் ஆடியது: நெட்ஃபிளிக்ஸ் 2014இல், டிஸ்னி பிளஸ் 2020இல் ஜெர்மனிக்கு வந்தன.

அதற்குள் புரோசீபன் சொந்தமாகச் செய்த மிகச் சிறந்த வேலை ‘ஷ்லாக் டென் ராப்’ (‘ராப்பை வெல்’, 2006–2015). சேனலின் நட்சத்திரம் ஷ்டெஃபான் ராப்போடு போட்டியாளர் ஒருவர் மோதுவார். கணக்கைப் பாருங்கள்: 15 போட்டிகள், முதல் போட்டிக்கு 1 புள்ளி, பதினைந்தாவதுக்கு 15. மொத்தம் 120, 61 எடுத்தவர் வென்றார். ஒருவர் எல்லாவற்றையும் வென்றாலும் 10 போட்டிகளுக்குப் பின் 55தான் வரும். ஆகவே குறைந்தது 11 போட்டி நடந்தே தீரும். பின்தங்கியவரும் கடைசிவரை திரும்ப வரலாம். பரிசு 5 லட்சம் யூரோ. ராப் வென்றால் தொகை அடுத்த நிகழ்ச்சிக்குச் சேரும். நேரலை நள்ளிரவைத் தாண்டும், விளம்பர இடைவேளைகளுக்குப் பஞ்சமில்லை. பலவீனம் பெயரிலேயே இருந்தது. 2015 டிசம்பரில் ராப் விலகினார். 2024இல் திரும்பி வந்தபோது ஆர்டிஎல்லுக்குப் போனார்.

பார்வையாளர் பங்கைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. 14–49 வயதை விளம்பர அளவுகோலாக்கியது ஆர்டிஎல் தலைவர் ஹெல்முட் தோமா. பொது ஒளிபரப்பாளர்களின் வயதான கூட்டத்தை வெளியே தள்ளும் வசதியான கோடு அது. தன் கூட்டமே வயதானபோது, 2013இல், ஆர்டிஎல் தரப்பு அதை 14–59 என்று நகர்த்திக்கொண்டது.

வோக்ஸின் பாதை வேறு. 1993 ஜனவரியில் செய்தி, தகவல் சேனலாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே பங்குதாரர்கள் கழன்றுகொள்ளும் நிலைக்கு வந்தது. அமெரிக்கத் தொடர்களில் உயிர்பிழைத்து, 2006இல் ‘தாஸ் பெர்ஃபெக்டே டின்னர்’ வழியே தன் வடிவத்தைக் கண்டது. ஓர் ஊரில் ஐந்து பேர், திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கொரு நாள் வீட்டில் விருந்து. மற்ற நால்வரும் 10க்கு மதிப்பெண் தருவார்கள், உச்சம் 40. 2012இல் வந்த ‘ஷாப்பிங் குவீன்’ அதே அச்சு: ஐந்து பெண்கள், 500 யூரோ, நான்கு மணி நேரம். அரங்கும் வேண்டாம், நட்சத்திரச் சம்பளமும் குறைவு. திங்களன்று பார்த்தவர் வெற்றி யாருக்கு என்று தெரிய வெள்ளிக்கிழமை வருவார்; அடுத்த திங்களன்று புது ஐவர், எனவே இடையில் விட்டவரும் தயக்கமின்றி உள்ளே வரலாம். நெடுந்தொடரில் இந்தக் கடைசி வசதி கிடையாது.